விதியும் விலக்கும்

ஊர்க்காவலுக்கு ஆட்சேர்க்கையில் பொதுச் சேவை விதிகளினின்றும் விலக்களித்தல் அறமாகுமா? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம், மாகாணப் பொலிஸ் பிரிவுக்கான ஆட்சேர்ப்பை மூவர் கொண்ட மாகாண ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வகை செய்தது. அவ்வேற்பாடு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எனினும், அது எழுப்பும் அறவினா எம்முன் நிற்கின்றது.

இணுவிலில் களவு கொடுத்த ஏழையொருவர் முறைப்பாடு செய்யச் செல்கின்றார் எனக் கொள்வோம். அவர் மொழியறியாத உத்தியோகத்தர் எத்துணை நேர்மையாளராயினும் அவர் துயரை முழுதும் அறியார். ஆகவே ஊரவரே காவலராதல் வேண்டும் என்பர். ஆயின் ஊரவர் மொழியை மட்டுமா அறிவார்? முறைப்பாட்டாளரின் சாதியையும் எதிரியின் உறவையும் அறிவாரன்றோ? அவ்வறிவு பக்கச்சார்பாக மாறாதிருத்தற்கே பொதுத் தேர்வும் பதவியுயர்வு விதிகளும் வேண்டப்படுகின்றன.

எனவே விலக்கு யார்பொருட்டு என்பதை நோக்குதல் வேண்டும். மக்களின் மொழியறிவைத் தகைமையாக்குதல் மக்கள்பொருட்டு அமைந்த விலக்கு, அது நீதி. தேர்வையும் ஒழுக்காற்று விசாரணையையும் தளர்த்துதல் பதவியாளர்பொருட்டு அமைந்த விலக்கு. அது வெறுஞ் சலுகை. முறைப்பாட்டாளருக்குப் பயன் தராத விலக்கு, அதிகாரம் எம்மவர் கையிலிருப்பினும், அநீதியே.