தள்ளி நில்லு

'தள்ளி நில்லு' என்கிற வார்த்தையை நமக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020இல் கொரோனாவுக்காக அரசாங்கமே அதைச் சொன்னபோது எங்க ஆயா சிரிச்சுது: "இத்தன நாளா நம்மளத்தான சொன்னாங்க. இப்ப அவங்களுக்குள்ளயே சொல்லிக்கிறாங்க."

நோய்க்காகத் தள்ளி நிற்பது வேறு, தீண்டாமை வேறு. முதலாவது உயிர்காக்க, அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி இதுதான்: தள்ளி நிற்க இடமே கொடுக்காதவர்களுக்கு, தள்ளி நில் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் 7 முதல் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். வீடு இருந்தவர்கள் இருந்தார்கள். கட்டடம் கட்டப்போன தமிழர்களும் வங்கதேசத்துக்காரர்களும் உட்பட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் விடுதிகளில் கிடந்தார்கள். அறைக்கு 12 பேர், 20 பேர். அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை. அந்த டிசம்பரில் அரசே சொன்ன கணக்குப்படி, விடுதிக்காரர்களில் 47 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியிருந்தது. சிகிச்சை கொடுத்தார்கள், சாவு மிகக் குறைவு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஊர் திறந்த பிறகும் விடுதி திறக்கவில்லை. 2021 செப்டம்பரில், சோதனையாக, வாரத்துக்கு 500 பேர் வரை சில மணி நேரம் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு விட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தலித்துகள் இல்லை. ஆனாலும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்பது அதுதானே?

பக்கத்து நாடுகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 2020 நவம்பரில் மலேசியாவின் கிள்ளானில், கையுறை ஆலைத் தொழிலாளிகளின் விடுதிகளில் நோய் பரவியது. டிசம்பரில் தாய்லாந்தின் சமுத் சாகோனில், இறால் சந்தையில் உழைத்த மியன்மார் தொழிலாளிகளின் குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். நெரிசல் குறைவதற்கு முன்னால் முள்கம்பி வந்து சேர்ந்தது.

கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அது பூட்டுவதற்கு முன்னால் இடம் கொடுத்திருக்க வேண்டும். பூட்டைத் திறக்கும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் திறக்க வேண்டும். அடுத்த நோய் வருமுன் ஒவ்வொரு அரசும் ஆஸ்பத்திரிக் கட்டில்களை மட்டும் எண்ணினால் போதாது. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஒரு குழாயில் எத்தனை குடும்பம் தண்ணி பிடிக்கிறது என்றும் எண்ண வேண்டும். அவர்கள் எண்ணும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நம்ம தெருவிலிருந்தே தொடங்கலாம்.