கற்பனைக்குப் பயிற்சி உண்டா?

படைப்பாற்றல் அருளால் வருவதா, பழக்கத்தால் வருவதா என்ற கேள்வியைக் கவிதையியலும் சமயமும் நெடுங்காலமாகச் சேர்ந்தே விசாரித்து வந்திருக்கின்றன. கவிஞன் தன் கலைத்திறத்தால் பாடவில்லை, தெய்வம் ஆட்கொண்டதால் பாடுகிறான் என்று பிளேட்டோவின் 'அயோன்' உரையாடலில் சாக்ரடீஸ் வாதிடுகிறார். திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூலம் வாயில் விழுந்ததும் காளமேகப் புலவருக்குக் கவி பொங்கியது என்ற கதையும் அதே பக்கம் நிற்கிறது. ஆனால் காளமேகத்தைத் தமிழர் நினைவில் நிறுத்தியிருப்பவை பெரும்பாலும் சிலேடைகளும், சவாலுக்குப் பாடியவையாகச் சொல்லப்படும் தனிப்பாடல்களும்தான். அருள் பெற்றவரே விளையாட்டுப் பாட்டில் பேர்போனவராகவும் இருக்கிறார்.

வடமொழி அலங்கார நூலார் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புபடுத்தப்படும் தண்டி, தம் 'காவியாதர்ச'த்தில் பிறவித்திறன், நிறைந்த கல்வி, விடாத பயிற்சி ஆகிய மூன்றையும் கவிதைக்குக் காரணமாகச் சொல்கிறார். உடனே ஒரு சலுகையும் தருகிறார்: பிறவித்திறன் வாய்க்காதவனும் கல்வியாலும் முயற்சியாலும் வாக்குத்தேவியை வழிபட்டால் அவள் சிறிதேனும் இரங்காமல் இருக்கமாட்டாள். பயிற்சி இங்கே வழிபாடாகிறது. அருள் அதன் பின்னால் வருகிறது.

அந்தப் பயிற்சியின் நடைமுறையை 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த க்ஷேமேந்திரர் 'கவிகண்டாபரணம்' என்ற சிறு நூலில் எழுதிவைத்தார். தொடக்க நிலை மாணவன் பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், ஓசை சரியாக விழும் சொற்களை மட்டும் அடுக்கி யாப்பை நிரப்ப வேண்டும். பிறகு பழைய சுலோகம் ஒன்றை எடுத்து, யாப்புக் கெடாமல் அதன் சொற்களை மாற்றிப் பார்க்க வேண்டும். எவருக்குச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை என்றும் அவர் பட்டியலிடுகிறார்: இயல்பிலேயே கல்லைப் போன்றவர், கடின இலக்கணத்தால் கெட்டுப்போனவர், தர்க்கத்தின் புகையில் கருகியவர். இலக்கண ஆசிரியர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் க்ஷேமேந்திரரின் நோட்டம் கூர்மையானது. சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற கவலை முந்திக்கொண்டால் கற்பனை வாய் திறப்பதில்லை.

உரைநடைக் கதைக்கு இதே வேலையை 20ஆம் நூற்றாண்டில் செய்தவர் இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொதாரி (1920–1980). பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகையாளரானவர். தர்க்கத்துக்கு ஒரு சாத்திரம் இருப்பதுபோல் கற்பனைக்கும் ஒன்று இருந்தால் புதிது காணும் கலை பிடிபட்டுவிடும் என்ற பொருளில் ஜெர்மானியக் கவிஞர் நோவாலிஸ் எழுதிய குறிப்பொன்று இளவயதில் அவர் கண்ணில் பட்டது. 1972இல் ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஆசிரியர்களோடு நடத்திய கூட்டங்களிலிருந்து அடுத்த ஆண்டு 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூல் பிறந்தது. அதில் வரும் முதன்மையான பயிற்சி மிக எளியது. ஒரு குழந்தை கரும்பலகையின் ஒரு பக்கம் ஒரு சொல்லை எழுதுகிறது. அதைப் பார்க்காமல் இன்னொரு குழந்தை மறுபக்கம் ஒன்றை எழுதுகிறது. நாய், அலமாரி. இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியம். இப்போது அவற்றை வெவ்வேறு உறவில் சேர்க்க வேண்டும். அலமாரிக்குள் நாய், நாயின் அலமாரி, அலமாரியோடு போகும் நாய் என ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு கதையின் வாசல். அலமாரியை முதுகில் சுமந்து தெருவில் போகும் நாய்க்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டுவிட்டால் கதை நகரத் தொடங்கிவிடும். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதைக்குரிய சிறுமி, காடு, பூ, ஓநாய், பாட்டி என்ற சொற்களோடு ஹெலிகாப்டர் என்ற சொல்லையும் போட்டுக் கதை கேட்பது அவரது இன்னொரு பயிற்சி. ஓநாய்க்குக் கதவைத் தட்டும் நேரம்கூடக் கிடைப்பது கடினம்.

இவை பலன் தருவதற்குக் காரணம் என்ன? வெற்றுத் தாளின் முன் அமர்பவரை மறிப்பது பெரும்பாலும் கற்பனைப் பஞ்சமல்ல. 'நான் எதைச் சொல்ல வேண்டும்' என்ற நோக்கத்தின் பாரம். விதி அந்தப் பாரத்தை இறக்கி வைக்கிறது. சொற்கள் வெளியிலிருந்து வந்துவிட்டதால் எழுதுபவர் தம்மை நிரூபிக்க வேண்டியதில்லை, இரண்டையும் இணைத்தால் போதும். நோக்கமற்ற செயலிலிருந்து படைப்பு பிறக்க முடியும் என்பது இந்திய இறையியலுக்குப் பழகிய எண்ணம். குறையொன்றுமில்லாத பிரம்மம் உலகை ஏன் படைக்க வேண்டும், செயல் என்றால் நோக்கம் இருக்குமே என்ற ஆட்சேபத்துக்குப் பிரம்ம சூத்திரம் (2.1.33), உலக வழக்கில் காண்பதுபோல அது வெறும் லீலை என்று விடை சொல்கிறது. சங்கரர் இதற்கு எல்லா விருப்பமும் நிறைவேறிய அரசனின் விளையாட்டையும், தானாக நிகழும் மூச்சையும் உவமை காட்டுகிறார். இராமானுஜரின் அரசன் பந்தாடுகிறான். கம்பராமாயணக் கடவுள் வாழ்த்தும் ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் முடிவற்ற விளையாட்டாகவே காண்கிறது.

இந்த ஒப்புமைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படைப்பாற்றல் வளர வேண்டும் என்று பயிற்சி செய்பவருக்கு நோக்கம் இருக்கத்தான் செய்கிறது. அது எப்படி லீலையாகும்? அரசன் உடல்நலம் கருதிப் பந்தாட வந்திருக்கலாம். ஆனால் பந்து மேலே எழும்பிய பிறகு அவன் கண் பந்தின்மேல்தான் இருக்கும். நோக்கம் ஆட்டத்துக்கு வெளியே நிற்கிறது, உள்ளே ஆட்டம் மட்டுமே நடக்கிறது. மனிதருக்குக் கிடைக்கக்கூடிய லீலை அவ்வளவுதான், அதுவே போதுமானதும்கூட.

மறுப்பின் அடுத்த கிளை விதியைப் பற்றியது. இறைவனின் ஆடலை எந்த விதியும் கட்டாது, மனித ஆட்டமோ விதியில்லாமல் நடக்காது. திருவிளையாடற் புராணம் இந்த இடத்தில் ஒரு சுவையான சிக்கலை வைத்திருக்கிறது. தருமிக்குச் சிவனே எழுதிக்கொடுத்த பாட்டிலும் நக்கீரர் குற்றம் காண்கிறார், நெற்றிக்கண் திறந்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு என்று வந்துவிட்டால் கடவுளும் பாட்டின் விதிக்குள் வந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. கான்ட் 1790இல் வெளியிட்ட தம் மூன்றாம் விமரிசன நூலில் அழகனுபவத்தைக் கற்பனையும் அறிவும் ஆடும் சுதந்திரமான ஆட்டம் என்றார். ஆனால் கட்டாயம் அனைத்தையும் நீக்கிக் கலையை வெறும் விளையாட்டாக்க விரும்பிய கல்வியாளர்களை அதே நூலில் எச்சரிக்கவும் செய்தார். யாப்பு போன்ற கட்டு இல்லாவிட்டால் கலையின் ஆவிக்கு உடலே இராது, ஆவியாகிப் போய்விடும் என்பது அவர் கருத்து.

1960இல் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் பாரிஸில் தொடங்கிய உலிப்போ என்ற இலக்கியக் குழு இந்த நிலைப்பாட்டை அதன் எல்லைவரை கொண்டுபோனது. அதற்கு முன்பே, பேருந்தில் நடந்த அற்பச் சம்பவம் ஒன்றை 99 நடைகளில் எழுதிக் காட்டியிருந்தார் கெனோ (1947). மனதுக்கு வந்ததை எழுதுபவன் தனக்கே தெரியாத விதிகளுக்கு அடிமை, தெரிந்த விதியை ஏற்று எழுதுபவனே அவனைவிடச் சுதந்திரன் என்பது அவர் வாதம். அக்குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் 'e' என்ற உயிரெழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவலை 1969இல் வெளியிட்டார். பெரெக்கின் தந்தை 1940இல் போரில் இறந்தவர்; தாய் 1943இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பாதவர். இல்லாமற்போன அந்த எழுத்தை அவர்களின் இழப்போடு சேர்த்துப் படிப்பவர்கள் பலர். விளையாட்டு என்றால் இலகுவானது என்ற எண்ணம் இந்த நாவலிடம் செல்லாது. தமிழிலும் சிவப்பிரகாசர் இதழ் குவியாத, ஒட்டாத ஒலிகளால் மட்டுமே திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை முருகன்மேல் பாடினார். வித்தைக்கும் பக்திக்கும் அங்கே பகையில்லை.

பயிற்சியால் ஆகாத வேலையும் ஒன்று உண்டு. வடமொழி அலங்கார நூலாரான இராஜசேகரர் 'காவ்யமீமாம்சை'யில் பிரதிபை என்னும் கற்பனைத் திறனை இரண்டாகப் பிரித்தார்: இயற்றச் செய்வது ஒன்று, சுவைத்து மதிப்பிடச் செய்வது மற்றொன்று. கரும்பலகை விளையாட்டு முதலாவதைத் தூண்டுகிறது. பத்துச் சேர்க்கைகளில் எந்த நாய் கதைக்குரியது, எது சிரித்துவிட்டு அழிக்க வேண்டியது என்று முடிவு செய்வது இரண்டாவதன் பொறுப்பு. அதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். தண்டி தம் மூன்று காரணங்களில் கல்வியைப் பயிற்சியோடு கலக்காமல் தனியாக எண்ணினார். கதைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளும் பட்டறைகள் தொடக்கங்களை மட்டும் குவிப்பதற்குக் காரணமும் இதுவே.