கோபுரத்தை உடைப்பவன்

'மனிதர் வாழும் தீவு' என்ற ரஷ்ய அறிவியல் புனைவுப் படம் 2008, 2009இல் இரண்டு பாகங்களாக வந்தது. இயக்கம் ஃபியோதர் பொந்தார்ச்சுக். மூலக்கதை ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்களின் நாவல்.

பூமியிலிருந்து கிளம்பிய மாக்சிம், விண்கலம் நாசமாகி சரக்ஷ் என்ற கோளில் மாட்டிக்கொள்கிறான். அந்த நாடு முழுக்கக் கோபுரங்கள். ஏவுகணைகளைத் தடுக்கத்தான் அவை என்று மக்கள் நம்புகிறார்கள். உண்மையில் அவற்றின் கதிர்வீச்சு யோசிக்கும் திறனை மழுங்கடிக்கிறது. தினம் இரண்டு தடவை அளவைக் கூட்டும்போது தேசபக்தி பொங்கி வழிகிறது. சிலருக்கு மட்டும் பக்திக்குப் பதிலாகத் தாங்க முடியாத தலைவலி. அவர்களைத் துரோகிகள் என்று வேட்டையாடுகிறார்கள். ஆள்பவர்களுக்கும் அதே தலைவலிதான் என்பது கதையின் குரூரமான கிண்டல்.

மாக்சிமுக்கு இரண்டுமே இல்லை. பக்தியும் வராது, வலியும் வராது. கடைசியில் கோபுரங்களின் மையத்தை அவன் தகர்க்கிறான். அப்போது, அரசுக்குள்ளேயே பல வருடம் ரகசியமாக வேலை செய்த இன்னொரு பூமிக்காரர் அவனைத் திட்டித் தீர்க்கிறார்: பஞ்சம் வரப்போகிறதே தெரியுமா? கதிர்வீச்சு திடீரென நின்றால் எத்தனை பேருக்குப் புத்தி பேதலிக்கும் தெரியுமா?

படம் பார்த்தவர்கள் யார் சரி என்று அடித்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டு பேருமே ஒரே கட்சியாகத் தெரிகிறார்கள். ஒருவன் கேட்காமல் உடைத்தான். மற்றவர் சொல்லாமல் காத்தார். கோபுரத்துக்குக் கீழே வாழ்கிறவனிடம் யாரும் பேசவே இல்லை.

பேசுவது என்றால் என்ன என்பதற்குப் பினாங்கில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1941 டிசம்பர் 11இல், விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த ஜார்ஜ்டவுன் மக்கள் மீது ஜப்பானியர் குண்டு போட்டார்கள். சில நாட்களில் ஆங்கிலேயர் தங்கள் இனத்தாரை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் அப்படியே கைவிடப்பட்டார்கள். வானொலி நிலையத்தைக்கூட உடைக்காமல்தான் போனார்கள். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள் என்று வானொலியில் அறிவிக்கச் செய்தார். குண்டுவீச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இதைச் சரணாகதி என்று சொல்லலாம். சரணாகதிதான். டிசம்பர் 19இல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு கெம்பெய்தாய் சித்திரவதைகள், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயிலுக்குப் போனது எல்லாம் நமக்குத் தெரியும். சரவணமுத்துவும் சிறைக்குத் தப்பவில்லை.

ஆனாலும் மாக்சிமைவிட அவரை நான் நம்புவேன். அவர் வீரர் என்பதால் அல்ல. விழப்போகிற குண்டு அவர் தலையிலும் விழும். செய்ததைப் பட்டப்பகலில், தன் பெயரில் செய்தார். பேசியது உண்மை, கேட்கிறவன் அதை வைத்துத் தன் முடிவை எடுக்கலாம்.

கொடுங்கோன்மையில் மாட்டிக்கொண்டவன் எதிர்க்கலாமா, பொறுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. அந்த முடிவின் விலையை நானும் கொடுக்கிறேனா என்பதே முதல் கேள்வி. வலிக்காதவனுக்குக் கோபுரம் வெறும் இரும்பு. உடைப்பது சுலபம், "இப்போ வேண்டாம், மக்கள் தயாராகலை" என்று தள்ளிப்போடுவதும் சுலபம். ஒரு தடவையாவது அந்தக் கோபுரத்திலிருந்தே மக்களிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். படத்தில் யாருக்கும் அது தோன்றவே இல்லை.