சலுகை யாருக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவண்ணாமலைப் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிடும். கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் விடியற்காலைப் பனி. மலையைச் சுற்றிவரும் பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர். நகரம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அடி அண்ணாமலை கிராமமோ மலையின் மறுபுறத்தில், அந்தப் பாதையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கால்கள் செயலிழந்த ஒருவர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஜும்ஆவுக்காக நகருக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் படும் பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இரண்டு கைகளும் வண்டிக்கே வேண்டும்; குடை பிடிக்க வழியில்லை. நனைந்த கைப்பிடி வழுக்குகிறது. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருப்பது தெரிவதில்லை. ஓரத்தில் சேறு, நடுவில் பேருந்து. இத்தனையும் கடந்து பள்ளிவாசலை அடைந்தால், எதிரே மூன்று படிகள்! "பாவம், உங்களுக்குத்தான் மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே! வீட்டிலேயே தொழுதுகொள்ளலாமே!" என்கிறோம் நாம். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சலுகை யாருக்குத் தரப்பட்டது?

மார்க்கம் எவரையும் அவருடைய சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை. நின்று தொழ முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். குளிரும் மழையுமான இரவுகளில், அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்கச் செய்தார்கள். ஆக, மழைக்காலச் சலுகை நடக்க முடிந்தவருக்கும் உண்டு. மழை நின்றதும் நம்முடைய தடை நீங்கிவிடுகிறது. அவருடைய தடையோ நீங்குவதில்லை. ஏனெனில் அது வானத்திலிருந்து இறங்கிய தடையன்று. நாம் சிமெண்டால் கட்டிவைத்த தடை!

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். கண் பார்வையற்ற அந்த ஸஹாபியை முன்னிட்டே 'அபஸ' எனும் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அவர்களை வீட்டோடு இருங்கள் என்று மதீனா ஒதுக்கிவிடவில்லை. பிலால் (ரலி) அவர்களைப் போலவே அவர்களும் பாங்கு சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

சலுகை என்பது வர இயலாதவருக்கு அல்லாஹ் அளித்த அருள். அதை ஏற்பதா, சிரமம் தாங்கி வருவதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அவருடைய சலுகையை எடுத்து, வழி அமைக்காமல் இருப்பதற்கு நம்முடைய சாக்காக ஆக்கிக்கொண்டால், அது அமானிதத்தைக் கையாடுவது போன்றதல்லவா?

"நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட மாட்டோமா?" எனலாம். அதுவும் நன்மையே. ஆனால் நாலு பேர் வந்து சேரும்வரை அவர் மழையில் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் பிறர் தோளை எதிர்பார்க்க வேண்டும். "சக்கரத்தில் சேறு இருக்குமே!" என்றும் சிலர் தயங்குவர். நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அன்னையாரை, வாகனத்தில் அமர்ந்தபடியே கஅபாவைத் தவாஃப் செய்ய நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இன்றும் மக்காவில் சக்கர நாற்காலியில் தவாஃப் செய்வோரைக் காண்கிறோம். சேற்றைத் துடைக்க வாசலில் ஓர் ஈரத்துணி போதாதா?

செய்ய வேண்டியதும் பெரிதன்று. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடி; அப்படி மூன்று படிகளுக்குப் பதினெட்டு அடி. மழையில் வழுக்காத சொரசொரப்பான தளம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார்ந்தபடியே உளூச் செய்ய எட்டும் உயரத்தில் ஒரு குழாய். பொதுக் கட்டடங்களில் இத்தகைய வசதி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே கேட்டவர்கள் நாம். அப்படியிருக்க, சாய்தளத்தின் மேலேயே நம் மோட்டார் சைக்கிளை நிறுத்தலாமா?

பள்ளிவாசலோடு இது முடிவதில்லை. நம் வீட்டு வாசற்படியையும் பார்ப்போம். முழங்கால் வலியால் நடைவண்டியைப் பிடித்து நடக்கும் நம் உம்மா, அடுத்த வீட்டு நிக்காஹ்வுக்குப் போய் எத்தனை நாளாயிற்று? "அவங்களால முடியாது" என்று நாமே முடிவு செய்துவிட்டோமா, அல்லது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு படியையாவது சாய்தளமாக்குவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.