திருநீறு பூசி வந்தவன்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயிலும் அங்கே உண்டு, தலைமுறைகளாக வாழ்ந்துவரும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் டீக்கடைப் பேப்பர் எல்லாருக்கும் பொது. எங்கோ குண்டு வெடித்தது, யாரோ யாரையோ வெட்டினான் என்று செய்தி வந்தால், படிக்கிறவர் கண் முதலில் பெயரைத்தான் தேடும். பெயர் கிடைத்தால் மதம் கிடைத்துவிடும். அதற்குமேல் செய்தியைப் படிக்கப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே மதத்துக்காரர் என்றால், மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போவார். செய்யாத குற்றத்துக்கு அவர் கட்டும் அபராதம் அது.

இங்கிருந்து வடக்கே போனால் திருக்கோவிலூர். அறுபத்துமூவரில் ஒருவரான மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர். அவர் கதையைப் பக்திக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்திருப்போம். ஒரு கொலை வழக்கின் கோப்பாக நினைத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

முத்தநாதன் பகையரசன். பலமுறை போரிட்டுத் தோற்றவன். படையால் முடியாததை வேடத்தால் முடிக்கப் பார்க்கிறான். உடம்பெல்லாம் நீறு, தலையில் சடைமுடி, கையில் சுவடிக் கட்டு, கட்டுக்குள் கத்தி. சிவனடியார் என்றால் இந்த அரண்மனையில் தடை கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். பள்ளியறை வாசலில் மட்டும் காவலன் தத்தன், அரசர் உறங்குகிறார் என்று நிறுத்துகிறான். உறுதிப்பொருள் சொல்ல வந்தேன் என்று அவனை மீறி உள்ளே நுழைகிறான் முத்தநாதன். எங்குமே கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும், தனிமையில்தான் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறான். அரசர் தேவியை அனுப்பிவிட்டு, வந்தவனை ஆசனத்தில் இருத்தி, தாம் தரையில் அமர்ந்து தலைவணங்குகிறார். சுவடிக் கட்டு அவிழ்கிறது.

வாளோடு பாய்ந்து வந்த தத்தனைச் சாய்ந்துகொண்டே தடுக்கிறார் அரசர். இவர் நம்மைச் சேர்ந்தவர், ஊறு நேராமல் கொண்டுபோய் விட்டுவா என்கிறார். செய்தி பரவி ஊரார் வழிமறிக்கிறார்கள். தத்தன் அரச ஆணையைச் சொல்லி அவர்களை விலக்கி, கொலைகாரனை ஊருக்கு வெளியே விட்டுத் திரும்புகிறான். அதைக் கேட்ட பிறகுதான் அரசருக்கு நிம்மதி.

கொன்றவன் நெற்றியிலும் நீறு, வெட்டுப்பட்டவர் நெற்றியிலும் நீறு. இந்தக் கொலைக்குச் சைவம் பொறுப்பா? முத்தநாதனுக்கு வேண்டியிருந்தது நாடு. உள்ளே புழுங்கியது தோல்வியின் ஆத்திரம். நீறு அவனுக்கு வாசல் கடக்க உதவியது, அவ்வளவுதான். அன்றிரவு ஊரார் அவனை அடித்தே கொன்றிருந்தால், மறுநாள் முதல் நீறு பூசி வரும் ஒவ்வொரு பரதேசியையும் மடக்கிச் சோதனை போட்டிருப்பார்கள். அரசர் அதைத்தான் தடுத்தார் என்று நான் வாசிக்கிறேன். பெரியபுராணத்தில் சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை, அவர் காட்டுவது அடியார் வேடத்தின்மேல் வைத்த அன்பை. கொலைகாரனைத் தப்பவிட்டதில் எனக்கு உடன்பாடும் இல்லை. முத்தநாதனைப் பிடித்து விலங்கு மாட்டியிருக்க வேண்டும். அவன் பூசியிருந்த நீற்றை விட்டுவிடலாம்.

இத்தோடு நிறுத்தினால், 'எந்த மதமும் வன்முறையைப் போதிக்கவில்லை' என்ற அமைதிக் குழு வசனத்தில் போய் முடியும். வசதியான வசனம், உண்மை குறைச்சல். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையும் அதே பெரியபுராணத்தில்தான் வருகிறது. அப்படி ஒன்று நடந்ததா என்பதில் வரலாற்று அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதை வெற்றிக் கதையாக நூற்றாண்டுக் கணக்கில் சொல்லி மகிழ்ந்திருக்கிறோம். இதே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை மலையில் பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் என்று கும்பிடும் சமணர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் அந்தக் கதை எப்படி விழும்?

2017 மார்ச்சில் கோவையில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, திராவிடர் விடுதலைக் கழகத்தில் சேர்ந்து, கடவுள் மறுப்பை வெளிப்படையாக எழுதியவர். கைதானவர்கள் அவர் பிறந்த மதத்தவர்கள். இங்கே மதம் வெறும் வேடமாக நிற்கவில்லை, காரணமாகவே நின்றது. அதை மழுப்பக் கூடாது. மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேர்வதாக அவருடைய தந்தை சொன்னார்.

அப்படியானால் குற்றவாளி மதம்தானா? கோபமும் அவமானமும் எல்லா மனிதருக்கும் வருகின்றன. கத்தியை எடுப்பதற்கு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது: நீ செய்யப்போவது பாவமில்லை, கடமை என்று யாராவது காதில் ஓத வேண்டும். மதத்தின் பெயரால் அப்படி ஓத முடியும். மற்றவற்றின் பெயராலும் முடியும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூருக்கு உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குச் சாமி எதுவும் தேவைப்படவில்லை. 2003இல் விருத்தாசலம் பக்கத்தில், சாதி மாறி மணந்த இளம் தம்பதிக்கு நஞ்சு புகட்டிக் கொன்றவர்களுக்குச் சாதியே போதுமானதாக இருந்தது. கூண்டில் ஏற்ற வேண்டியவர்கள் இரண்டே பேர்: ஓதியவன், கேட்டு வெட்டியவன். இருவருக்கும் முகவரி உண்டு. கோடிப் பேர் கும்பிடும் நம்பிக்கைக்குச் சம்மன் அனுப்புவது எளிது, அதனால்தான் எல்லாரும் அதைச் செய்கிறோம்.

ஓதுகிறவனை முதலில் அடையாளம் காண்பவர்கள் பெரும்பாலும் அவன் மதத்தவர்களே. இலங்கையின் காத்தான்குடியில் வெறுப்பைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த சஹ்ரான் ஹாஷிம்மீது அந்த ஊர் முஸ்லிம்களே புகார் கொடுத்தார்கள். 2017இல் சூஃபி வழியினரோடு மோதல் நடந்ததும் அவர் தலைமறைவானார். 2019 ஏப்ரலில் இந்திய உளவுத்துறையும் கொழும்பை எச்சரித்தது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று அவர் கூட்டத்தார் வெடித்த குண்டுகளில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அப்படியும் மே மாதம் மினுவாங்கொடையில் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. காத்தான்குடிக்காரர்கள் கொடுத்த புகாரை 2017இலேயே ஒழுங்காக விசாரித்திருக்க வேண்டும்.