யானை கற்பதும் மனிதன் கற்பிப்பதும்

ஸ்ரீமத் பாகவதத்தின் 11-ஆவது ஸ்கந்தத்தில் யது மன்னனைச் சந்திக்கும் அவதூதர், தமக்கு 24 குருமார்கள் உண்டு என்கிறார். யானையும் மீனும் அவர்களுள் அடங்கும். தொடு உணர்வின் மயக்கத்தால் யானை பிடிபடுகிறது. நாவின் சுவையால் மீன் தூண்டிலில் சிக்குகிறது. இவற்றைக் கண்டு அவர் புலனடக்கம் பயின்றார். கீதையின் 5-ஆவது அத்தியாயமோ, ஞானியின் சமநோக்கைக் கூறுமிடத்தில் யானையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஓர் உயிரைக் குருவாகக் கொள்வதற்கும் அதனிடம் ஆத்மாவைக் காண்பதற்கும் முதற்படி ஒன்றே: அதனைக் கூர்ந்து அறிதல்.

தாயிடம் பயிலும் கல்வி

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காடுகளையும் இடுக்கி மாவட்டத்து மூணாறு, சின்னாறு மலைகளையும் ஆனைமலைத் தொடர் இணைக்கிறது. இடையில் தமிழகத்தின் வால்பாறை. மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் மனிதன் வகுத்தவை. யானைக்கோ, தலைமுறை தலைமுறையாக நடந்து பழகிய தடமே நாடு. கூட்டத்தை நடத்திச் செல்வது பெரும்பாலும் முதிய பெண்யானை. கோடையில் எங்கே நீர் கிடைக்கும், எந்தச் சரிவில் மூங்கில் தழைத்திருக்கும் என்பன அதன் நினைவில் உள்ளன.

ஏறத்தாழ 22 மாதங்கள் கருவில் வளர்ந்து பிறக்கும் கன்று, எது உணவு என்பதை அறிந்து பிறப்பதில்லை. தாய் மெல்லும்போது தன் சிறு துதிக்கையை அதன் வாயினுள் நீட்டுகிறது. அங்குள்ளதை எடுத்துச் சுவைத்துத் தெரிந்துகொள்கிறது. தாயின் வாயே அதன் பாடசாலை.

யானைகளுக்குள் உரையாடலும் உண்டு. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காதில் ஒலி எதுவும் விழாதபோதும் காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். மனிதச் செவியின் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்கும் கீழான ஒலியால் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. அவ்வொலி காட்டினூடே சில கிலோமீட்டர் தொலைவு செல்லும். புலன்களுக்கு எட்டாததை இல்லை என்று கூறுவது எத்தகைய அறியாமை!

மனிதன் கற்பித்த பாடம்

இத்தனை கூர்மையாகக் கற்கும் உயிருக்கு மனிதன் கற்பித்தது என்ன? இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ஓர் ஆண்யானை, ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்னப் பழகிற்று. மக்கள் அதனை 'அரிக்கொம்பன்' என்றனர். மலையாளத்தில் அரி என்பது அரிசி. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு மாதத்திற்குள் அது மலையிறங்கித் தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவதூதர் மீனிடம் கண்ட நாவின் தளை இங்கே யானையின் காலில் பூட்டப்பட்டது. யானையின் வழியில் குடியிருப்பை அமைத்ததும், அதற்கு எட்டும் இடத்தில் அரிசியை வைத்ததும் மனிதனே.

இதனினும் கொடியது 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் நிகழ்ந்தது. வெடிமருந்து மறைத்த உணவைக் கடித்த பெண்யானையின் வாய் சிதைந்தது. அது வெள்ளியாற்றில் இறங்கி, துதிக்கையையும் வாயையும் நீரில் ஆழ்த்தியபடி நின்று, மே 27 அன்று உயிர் நீத்தது. உடற்கூறு ஆய்வில் அது கருவுற்றிருந்தமை தெரியவந்தது. வெடி அந்த யானைக்கென்றே வைக்கப்பட்டதன்று; பயிரை அழிக்கும் பன்றிகளுக்கு வைப்பது அப்பகுதிகளில் வழக்கமாயிருந்தது என்றனர். எதற்கு வைத்திருப்பினும், ஒரு கன்றுக்குப் பாடசாலையாகியிருக்க வேண்டிய வாய் அழிந்தது.

பாகன் நாராயணனின் குரல்

யானையால் உழவரும் தோட்டத் தொழிலாளரும் உயிரிழக்கும்போது சமநோக்கு பேசுதல் தகுமோ என்ற வினா எழலாம். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதை இதற்கு விடையாகும். யானையும் நாராயணனே என்று மதங்கொண்ட யானையின் எதிரில் நின்ற சீடன் தூக்கி எறியப்பட்டான். "விலகு" என்று கூவிய பாகனும் நாராயணன்தானே, அவன் சொல்லை ஏன் கேட்கவில்லை என்று குரு வினவினார்.

வால்பாறையில் இன்று பாகன் நாராயணனின் குரல் வேறு வடிவில் ஒலிக்கிறது. யானை அருகில் இருப்பதை அறியாமல் எதிர்ப்பட்டவர்களே பெரும்பாலும் அங்கு உயிரிழந்தனர் என்பதை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வனத்துறையுடன் இணைந்து, யானை நிற்கும் இடத்தைக் கைபேசிக் குறுஞ்செய்தியால் மக்களுக்குத் தெரிவித்தனர். உயர்ந்த கம்பங்களில் சிவப்பு விளக்குகளை எரியச் செய்தனர். உயிரிழப்புகள் குறைந்தன. யானை தன் வழியே சென்றது. தொழிலாளி தன் வீடு சேர்ந்தான். அறிவும் கருணையும் ஒன்றுகூடிய செயலே விவேகம்.

மலைப்பாதையில் செல்லும் யாத்திரிகர், வழியோரக் குரங்குக்கும் மானுக்கும் உணவு வீசுவதைப் புண்ணியம் என எண்ணுகின்றனர். அது தானமன்று, அவ்வுயிரைத் தன் இயல்பிலிருந்து பெயர்க்கும் தீய போதனை. மிச்ச உணவைக் காட்டில் எறியாமல் திரும்பக் கொண்டுவருதலும் பூஜையே. விலங்கு தான் கற்றதை மறுபரிசீலனை செய்ய இயலாது; மனிதனால் இயலும். அந்த விவேகமே மனிதப் பிறவியின் சிறப்பு. அதனைப் பயன்படுத்தாதவன் விநாயகரின் திருமுன் தோப்புக்கரணம் இட்டும் அவரது திருமுகத்தை அறியாதவனே ஆவான்.