விமானத்தின் ஒயருக்கும் வயதாகும்

பொம்மிடிப் பக்கத்துத் தோட்டங்களில் போர்வெல் மோட்டார் நின்றுபோனால், மெக்கானிக் முதலில் கேபிளில் மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்துப் பார்ப்பார். உறை கெட்டு மின்சாரம் கசிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மோட்டாரை மேலே தூக்குவார்கள். விமான ஒயருக்கும் மெக்கர் சோதனை உண்டு. ஆனால் அங்கே அது மட்டும் போதுவதில்லை.

ஒரு போயிங் 747இல் 200 கிலோமீட்டருக்கு மேல் ஒயர் ஓடுகிறது. கட்டுக்கட்டாகச் சேர்த்து, தரைக்கு அடியிலும் கூரைக்கு மேலும் மறைத்திருப்பார்கள். ஒருமுறை பொருத்திவிட்டால் விமானத்தின் ஆயுள்வரை உழைக்கும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் நடுவானில் வெடித்து 230 பேர் இறந்தார்கள். அந்த 747க்கு வயது 25. எரிபொருள் தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட ஷார்ட், எரிபொருள் அளவு காட்டும் ஒயர் வழியாக அதிக மின்னழுத்தத்தைத் தொட்டிக்குள் கொண்டுபோனதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. இரண்டே ஆண்டில் சுவிஸ்ஏர் 111 தீப்பிடித்துக் கனடாக் கடலில் விழுந்தது. 229 பேர் மாண்டார்கள். கூரைக்கு மேலே ஒயரில் எழுந்த பொறியில் தொடங்கிய தீ அது. அந்த விமானத்துக்கு ஏழு வயதுதான். ஆகவே ஆண்டுக்கணக்கை மட்டும் பார்த்து ஒயரை எடைபோட முடியாது.

ஒயரைக் கெடுப்பவை பல. அதிர்வில் ஒன்றோடொன்று உரசித் தேய்கிறது. பழுதுபார்க்க வருபவரின் கை பட்டு மடங்குகிறது, துளைபோடும்போது சிதறும் உலோகத் துகள் உறையைக் கிழிக்கிறது. கேப்டான் என்ற மெல்லிய, லேசான உறை பல விமானங்களில் உண்டு. ஈரம் பட்டுப்பட்டு அது வெடிப்பு விடும். வெடிப்பில் பொறி பறந்தால் உறை கருகும். கருகிய இடம் கரியாகி, அதுவே மின்சாரம் பாயும் பாதையாகிவிடும். பொறியோ கணநேரம் தோன்றி மறைவது. சூடேறினால் மட்டுமே விழும் சாதாரண சர்க்யூட் பிரேக்கர் அதற்கெல்லாம் விழாது.

மல்டிமீட்டர் ஒயர் அறுந்திருக்கிறதா என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. இடத்தைக் கண்டுபிடிக்க ஒயருக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறார்கள். பழுதான இடத்தில் அது மோதித் திரும்பும். துடிப்பின் வேகம் ஒளிவேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்றால், 100 நானோநொடியில் திரும்பும் எதிரொலி பழுது 10 மீட்டர் தள்ளி இருப்பதைக் காட்டும். அறுந்திருந்தால் துடிப்பு நேராகவும், ஷார்ட் ஆகியிருந்தால் தலைகீழாகவும் திரும்பும். உறை லேசாகத் தேய்ந்திருந்தாலோ எதிரொலி மிகச் சிறியது, இரைச்சலில் கரைந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஹேங்கரில் நிற்கும் விமானத்தில் அதிர்வில்லை, குளிரில்லை. வானத்தில் பொறி விட்ட ஒயர் தரையில் நல்ல ஒயராகவே நடிக்கும். அதனால்தான் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ஃபர்ஸ் குழுவினர் செய்த வேலையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இரைச்சல் போன்ற மெல்லிய சமிக்ஞையை, மின்சாரம் ஓடும்போதே ஒயருக்குள் அனுப்பிப் பழுதைத் தேடும் முறை அது. பறக்கும்போதே சோதிக்கும் இப்படியொரு வழி இல்லாமல், விட்டுவிட்டு வரும் பழுதை முழுமையாகப் பிடிக்க முடியாது.

அந்த விபத்துகளுக்குப் பிறகு விதியும் மாறியது. 2007இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஒயர்களை எஞ்சின் போலவே தனி அமைப்பாகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.